கழற்றி மாட்டும் மூக்குக்கண்ணாடி

சென்ற கோடை விடுமுறையிற் சத்தியமங்கலத்தில் எம் இல்லத்தே நேர்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்றே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாகும். எம் அன்னையைப் பெற்ற பாட்டியாரைக் கொங்குநாட்டு வழக்கிற்கேற்ப யாம் அமுச்சி என்று அழைப்போம். அவர் பூக்கட்டும் தொழிலுடையவர். சத்தி வட்டாரத்து மல்லிகைத் தோட்டங்களில் விடியலுக்கு முன்னரே கொய்யப்படும் அரும்புகள் வெயில் ஏறுமுன் சந்தைக்கு வந்துசேரும். அவற்றுட் பெரும்பகுதி தொலைவூர்களுக்குச் செல்ல, ஒரு சிறு பகுதி கூடைகளிற் பகுக்கப்பட்டு வீட்டுத் திண்ணைகளுக்கு வரும். நூலை விரலிடை நிறுத்தி, அரும்புகளை இருபாலும் எதிரெதிரே வைத்து, காம்பு நசுங்காமலும் முடிச்சு நெகிழாமலும் கட்டிச் செல்லுதல் காண்பார்க்கு எளிய செயல். கட்டுவார்க்கோ கண்ணும் இரு கைகளும் ஒருங்கே வேண்டுவது. கூலி, கட்டிய பூவின் அளவிற்குத் தக்கது.

ஒருநாள் எம் தங்கை அறியாது மிதித்துவிட, அமுச்சியின் மூக்குக்கண்ணாடியில் இடப்பக்கத்துக் கால் கீலினருகே ஒடிந்தது. "காலு மட்டுந்தான் கண்ணு போச்சு, கண்ணாடி நல்லாத்தான் இருக்குது" என்று அதனை எம்மிடம் கொடுத்தார். உண்மையே, வில்லைகளில் ஒரு கீறலும் இல்லை. கடைத்தெருவில் ஒரு கடைக்குச் சென்றோம். அவ்வகைச் சட்டம் இப்பொழுது வருவதில்லை என்றும், கால் தனியே கிடைக்காதென்றும், புதுச் சட்டத்திற் பழைய வில்லை அமையாதென்றும், ஆதலின் சட்டமும் வில்லையும் புதியனவே வாங்கவேண்டுமென்றும் கடைக்காரர் பொறுமையோடு எடுத்துரைத்தார். அவர் கூற்றுப் பொய்யன்று என்பதைப் பின்னர் அறிந்தோம். எனினும் அப்பொழுது எமக்குச் சினமே மிகுந்தது.

அன்று மாலை அமுச்சி ஒற்றைக்காற் கண்ணாடியை வலக்கையாற் பிடித்துக்கொண்டு வேதாகமம் வாசித்தார். வாசிப்பதற்கு ஒரு கை போதும். பூக்கட்டுதற்குப் போதாது. 18 நாட்கள் எம் திண்ணைக்குக் கூடை வரவில்லை.

ஏரின் கொழு தேய்ந்தாற் கொல்லர் கொழுவை மாற்றுவரேயன்றிக் கலப்பையை எறியச் சொல்லார். மண்வெட்டியின் காம்பு முறிந்தால் வேறு காம்பு செருகுவர். தறியின் நாடா பழுதுற்றால் நாடா ஒன்றே மாறும். நம் முன்னோர் கையாண்ட கருவிகளிற் பெரும்பாலன, தேயும் உறுப்பும் தேயா உறுப்பும் தனித்தனியே பிரியுமாறு அமைந்தவை. கண்ணுக்கு அணியும் கருவி மட்டும் ஓர் உறுப்புக் கெட முழுதும் கெடுவதேன்? இவ்வினாவை மனத்திற்கொண்டு விடுமுறை முழுவதும் யாம் படித்தவற்றையும், உடைத்துப் பார்த்தவற்றையும், செய்து பார்த்த ஒன்றையும் ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் சொற்களைப்பற்றிச் சிறிது கூறுதல் தமிழ் பயில்வோராகிய எமக்கு இயல்பு; பௌதிகம் பயிலும் நண்பர்கள் பொறுத்தருள்க. ஆடி என்பது முகம் பார்க்கும் பொருளுக்குப் பழம்பெயர். கண்ணாடி என்பதும் முதலில் அதனையே குறித்துப் பின்னர் அது செய்யப்படும் பொருளுக்கும், அதன்பின் மூக்கில் அணிவதற்கும் பெயராயிற்று. இந்நாளில் வில்லைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்காற் செய்யப்படினும் பெயர் மாறவில்லை. நாற்பது வயதைக் கடந்தார்க்கு அண்மையிலுள்ளன தெளிவாகத் தோன்றாமையை வெள்ளெழுத்து என்பர்; எழுத்து வெளுத்துத் தோன்றுதலின் வந்த அழகிய பெயர். சாளேசுரம் என்னும் மற்றொரு பெயரும் உண்டு. அதன்கண் யாதோ ஒரு தெய்வப்பெயர் மறைந்துள்ளது போலத் தோன்றும். ஆனால் அது வடபுலத்தார் மொழியில் நாற்பதைக் குறிக்கும் சாலீஸ் என்னும் சொல்லின் வழிவந்தது. கண்ணினுள் இயற்கையாக அமைந்த வில்லை இளமையில் நெகிழ்ந்து வளைந்து கொடுக்கும். வயது ஏறஏற இறுகும். அதனால் வருவது இக்குறை. இது நோயன்று, நரைபோல் யாவர்க்கும் வருவது. 2015-ஆம் ஆண்டிற்குரிய ஒரு மதிப்பீட்டின்படி உலகில் வெள்ளெழுத்துற்றோர் ஏறத்தாழ 180 கோடியர். அவருள் 82 கோடிக்கு மேற்பட்டோர் தக்க கண்ணாடியின்றி இருந்தனர்.

கண்ணாடியின்றி இருத்தலால் வரும் இழப்பு எத்துணை என்பதை அளந்து பார்த்தோரும் உளர். அஸ்ஸாமில் தேயிலை பறிக்கும் தொழிலாளருள் 40 வயதும் அதற்கு மேலும் ஆகிய 751 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மட்டும் அண்மைப்பார்வைக் கண்ணாடி கொடுத்து, இரு பிரிவினரும் நாள்தோறும் பறித்த இலையை நிறுத்துப் பார்த்தனர். 2018-இல் வெளியான அவ்வாய்வின் முடிவு, கண்ணாடி அணிந்தார் பறித்த அளவு மற்றையோரினும் நூற்றுக்கு 21-க்கு மேற்பட்ட வீதம் மிகுந்தது என்பதாம். தேயிலைக் கொழுந்தினும் மல்லிகைக் காம்பு நுண்ணியது. அமுச்சியின் 18 நாட்களை யாம் பெரிதாக எண்ணியது தவறன்று என்று இவ்வாய்வைப் படித்தபின் துணிந்தோம்.

இனி, கருவியின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். இத்தாலி நாட்டின் நடுப்பகுதியில், பைசா நகரை அடுத்து, 1286-ஆம் ஆண்டையொட்டி மூக்குக்கண்ணாடி தோன்றியது என்பர். அக்காலத்துக் கண்ணாடிக்குக் கால்கள் இல்லை. வட்டமான இரு வில்லைகள், தனித்தனி வளையங்களில் அமைந்து, ஓர் ஆணியால் நடுவே பிணைக்கப்பட்டு, மூக்கைக் கவ்வி நிற்கும்; அல்லது கையாற் பிடிக்கப்படும். தென்னாட்டிலும் இது காலந்தாழ்த்து வந்ததன்று. 1539-இல் மறைந்த வியாசராயர் ஏடு படிக்க மூக்குக்கண்ணாடி அணிந்தார் என்னும் குறிப்பு, சோமநாதர் வடமொழியில் எழுதிய அவர்தம் வரலாற்றில் உள்ளது. காதின்மேற் செல்லும் கால்கள் 18-ஆம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரத்துக் கைவினைஞராற் சேர்க்கப்பட்டன. வில்லைக்கும் காலுக்கும் இடையே நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. கடைசியில் வந்த உறுப்பே முதலில் ஒடிகின்றது. அமுச்சி வேதாகமம் வாசித்த மாலையில், கண்ணாடி தன் பழைய நிலைக்கே திரும்பியிருந்தது என்று இதனைப் படித்தபோது எண்ணி நகைத்தோம்.

ஒடிந்த கண்ணாடியை மேசைமேல் வைத்து உறுப்பு உறுப்பாகப் பிரித்தோம். முகப்பிற் சட்டம், அதன் நடுவே மூக்கின்மேல் அமரும் பாலம், பாலத்தின் இருமருங்கும் மூக்குத் தாங்கிகள், இரு கோடியிலும் கீல்கள், கீலிற் செருகிய கால்கள், யாவற்றையும் பிணைக்கும் திருகாணிகள். அத்திருகாணியின் தடிப்பு ஒன்றரை மில்லிமீட்டரினும் குறைவு. நாளொன்றுக்குப் பலமுறை கால்களை விரித்து மடக்கும்போது திருகாணி இம்மியளவாகக் கழன்றுகொண்டே வரும், ஒருநாள் விழும், விழுந்தது மண்ணிற் காணப்படாது. பின்னர் நம்மூர்களில் நிகழ்வது யாவரும் அறிந்ததே: ஊக்கு, செப்புக் கம்பி, கறுப்பு நூல், அதுவும் இல்லையேல் தீக்குச்சி. கண்ணாடிக் கீலில் ஊக்குக் குத்தியிருப்பதைக் கண்டு நகைப்பவர் உண்டு. யாமும் முன்னர் நகைத்திருக்கின்றோம். இப்பொழுது எண்ணுங்கால், ஊக்குக் குத்தியவரே இக்கருவியின் குறையைச் சரியாக உணர்ந்தவர் என்று தோன்றுகிறது. சட்டம் செய்தவர், திருப்புளி இல்லாதவர் வீட்டிலும் இக்கண்ணாடி வாழவேண்டும் என்பதை எண்ணவில்லை. ஊக்குக் குத்தியவர் எண்ணினார்.

ஆனால் திருகாணியும் காலும் சிறிய இடர்களே. பெரிய இடர் வில்லையின் உருவத்தில் உள்ளது. பழைய வில்லை புதுச் சட்டத்தில் ஏன் அமையாது என்று கடைக்காரரை வினவியபோது, "அளவு வேறு, ஷேப் வேறு" என்றார். யாம் மேலும் வினவ, கடையின் உட்புறத்திலிருந்து காகித உறையில் இட்ட புது வில்லை ஒன்றை எடுத்துக் காட்டினார். அது அகன்ற வட்டமாக, குறுக்களவு ஏறத்தாழ 70 மில்லிமீட்டராக இருந்தது. வில்லைகள் யாவும் கடைக்கு வட்டமாகவே வருகின்றன. சட்டத்தின் உருவிற்கேற்பக் கடையில் அவை அறுத்துத் தேய்க்கப்படுகின்றன. நீள்சதுரம், முட்டை வடிவம், பூனைக்கண் வடிவம் எனச் சட்டங்கள் எத்துணையோ அத்துணை உருவங்கள். ஒன்றுக்காகத் தேய்த்தது மற்றொன்றுக்கு ஆகாது. இடக்கண்ணுக்காகத் தேய்த்தது வலக்கண்ணுக்கும் ஆகாது. பார்வைக்கு வேண்டுவது வில்லையின் வளைவும் அதன் நடுப்புள்ளி கண்மணிக்கு நேரே நிற்றலுமே. வெளியுருவம் எதுவாயினும் பார்வை ஒன்றே. முகத்தழகிற்காக நாம் விரும்பும் அவ்வெளியுருவமே வில்லையை ஒரே சட்டத்திற்கு அடிமையாக்கிவிடுகின்றது.

இதனை உணர்ந்து மாற்றுவழி கண்டோர் இருவகையினரை யாம் படித்தறிந்தோம். பிரெஞ்சு நாட்டு எஸ்ஸிலார் நிறுவனத்தார் 'ரெடி டு கிளிப்' என்னும் பெயரால் ஒருவகைக் கண்ணாடியைப் பரப்பினர். அதில் வில்லைகள் யாவும் ஒரே உருவில் முன்கூட்டியே தேய்க்கப்பட்டிருக்கும். இடமும் வலமும் ஒத்த உருவமாதலின் எந்த வில்லையும் எந்தக் கண்ணுக்கும் ஆகும். கண்ணைச் சோதித்தவர் இரண்டு வில்லைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சட்டத்தில் அழுத்தினாற் போதும். அவை சொடுக்கென்று அமர்ந்துவிடும்.

மற்றொருவர் ஜெர்மனி நாட்டிற் கணக்கும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர் மார்ட்டின் ஆஃப்முத். இவர் 2012-இல் 'ஒரு டாலர் கண்ணாடி' என்னும் அறப்பணியைத் தொடங்கினார். இவரது சட்டம் வில்லைப் போல் நிமிரும் எஃகுக் கம்பியால் ஆனது. கம்பியை வளைக்கும் கைப்பொறி ஒரு சிறு மரப்பெட்டியுள் அடங்கும், மின்சாரம் வேண்டுவதில்லை, சிலநாட் பயிற்சி பெற்ற எவரும் ஊரிலிருந்தே சட்டம் செய்யலாம். வில்லைகள் எளிதில் உடையாத பாலிகார்பனேட்டு என்னும் பிளாஸ்டிக்கால் முன்னரே தேய்த்து வைக்கப்பட்டவை. கையால் அழுத்தினால் அமர்வன. பொருட்செலவு ஏறத்தாழ ஒரு டாலர் என்பதனால் அப்பெயர் பெற்றது. சட்டம் முறிந்தால், அதனை வளைத்தவரே அருகில் இருப்பார் என்பது இதன் தனிச்சிறப்பென யாம் கருதுகின்றோம்.

இத்தகைய ஆயத்தக் கண்ணாடிகள் உண்மையிற் பயன்படுமா, அன்றி மலிவு பற்றிய ஆரவாரமா என்னும் ஐயம் நியாயமானதே. பெங்களூரில் 11 முதல் 15 வயதுவரையுள்ள பள்ளிச் சிறுவரை வைத்து நிகழ்ந்த ஓர் ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. கண்ணாடி வேண்டிய சிறுவருள் நூற்றுக்கு 86 பேர்க்கு ஆயத்தக் கண்ணாடியே போதுமானதாக இருந்தது. ஒரு சாரார்க்கு அதனையும், மற்றொரு சாரார்க்கு அளவெடுத்துச் செய்ததையும் கொடுத்து, மூன்று நான்கு திங்கள் கழித்து முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்தபோது, இரு சாராரிலும் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் அணிந்திருந்தனர். வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று.

நம் தமிழ்நாட்டிற் கண்ட வழி சற்று வேறானது. 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி தம் அரசுப்பணி ஓய்வுக்குப்பின் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அது பின்னர்ப் பல ஊர்களிற் கிளைத்தது. 1997-இற் கோயமுத்தூருக்கும் வந்தது. ஊர்ப்புறங்களில் நடத்தும் கண்சிகிச்சை முகாம்களுக்கு மருத்துவக் குழுவினரோடு கண்ணாடிப் பிரிவினரும் செல்வர். சட்டங்களும் வில்லைகளும் தேய்க்கும் பொறியும் உடன் செல்லும். சோதித்த அன்றே, அவ்விடத்திலேயே, வில்லையைத் தேய்த்துப் பொருத்திக் கொடுப்பர். கண்ணாடி வாங்க மறுபடியும் நகரம் போகவேண்டுமென்றாற் பலர் போகமாட்டார் என்பதை அறிந்து வகுத்த முறை இது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து சிற்றூர்களை அடுத்து நிலையான பார்வை மையங்களும் ஏற்பட்டன. (அம்மருத்துவமனையைச் சார்ந்து 1992-இல் தோன்றிய ஆரோலேப் செய்யும் வில்லையோ கண்ணுக்கு உள்ளேயே மாட்டப்படுவது, கண்புரையை அகற்றியபின், மங்கிய இயற்கை வில்லையின் இடத்தில் அது அமர்கிறது. மாற்றத்தக்க வில்லை என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு உண்டோ!)

ஆஃப்முத் சட்டத்தை எளிதாக்கினார். மதுரையார் தேய்க்கும் பொறியையே மக்களிடம் கொண்டுசென்றனர். இரண்டும் கண்ணாடி பெறும் நாளை எளிதாக்கின. ஆனால் கால் ஒடிவது முகாம் நடக்கும் நாளில் அன்று. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே உள்ளாரும் கடம்பூர் மலையில் உள்ளாரும் ஒரு திருகாணிக்காகக் கீழிறங்கி வரவேண்டும். ஒருநாட் கூலி போகும். ஆதலின் செய்து கொடுத்தலைப்போலவே செப்பஞ்செய்தலையும் எண்ணிச் சட்டம் வகுக்கவேண்டும் என்பது எம் கருத்து. அதற்கு உள்ளூரில் யாரிடம் எக்கருவி இருக்கிறது என்பதே முதற் கேள்வி.

வகுக்கப் புகுந்தபோது யாம் எதிர்கொண்ட இடர் ஒன்று, இதுகாறும் கூறாதது. வட்டமான வில்லை எச்சட்டத்திற்கும் இரு கண்ணுக்கும் ஆகும் என்றோம். ஆனால் வட்டம் சுழலும். வெள்ளெழுத்திற்கும் கிட்டப்பார்வைக்கும் தூரப்பார்வைக்கும் உரிய வில்லை எப்பக்கம் சுழன்றாலும் கேடில்லை. அதன் வளைவு எத்திசையிலும் ஒன்றே. சிதறற்பார்வை என்னும் குறையுடையார்க்கோ, கண்ணின் வளைவு ஒரு திசையில் மிகுந்தும் மற்றொரு திசையிற் குறைந்தும் இருக்கும். அவர்க்குரிய வில்லையும் அங்ஙனமே அமைந்து, குறித்த கோணத்திலேயே நிற்கவேண்டும். கடைக்காரர் இதனைச் சிலிண்டர் என்பர். வானநூல் வல்லாராகிய ஆங்கிலேயர் ஜார்ஜ் ஏரி தம் கண்ணின் இக்குறையைத் தாமே அளந்து 1825-இல் தமக்கு இத்தகைய வில்லை செய்வித்துக்கொண்டார். அந்தக் கோணம் 30 பாகை பிறழ்ந்தால் வில்லையினாற் பயனே இல்லை. கண்ணாடியின்றிப் பார்த்தாற்போன்ற அளவு குறை அங்கே எஞ்சி நிற்கும்.

உம்மிடமுள்ள கண்ணாடி எவ்வகையது என்பதை வீட்டிலேயே அறியலாம். தாளிற் கூட்டற்குறி ஒன்றைப் பெரிதாக வரைந்து, கண்ணாடியைக் கையில் தூக்கிப் பிடித்து, வில்லையின் வழியே அதனைப் பார்க்க. வில்லையைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது குறி எதிர்த்திசையில் ஓடினால் அது வெள்ளெழுத்திற்கோ தூரப்பார்வைக்கோ உரியது. உடன் ஓடினாற் கிட்டப்பார்வைக்குரியது. கோடுகள் வில்லைக்குள்ளும் வெளியிலும் முறியாது ஒன்றி நிற்கும் இடமே வில்லையின் நடுப்புள்ளி. பின்னர் வில்லையை நகர்த்தாது சுழற்றுக. கோடுகள் கத்தரிக்கோலின் அலகுகள்போற் சாய்ந்து நெருங்குமாயின் அதிற் சிலிண்டர் உண்டு. எம் விடுதியில் ஓரிரவு பன்னிரண்டு கண்ணாடிகளை இவ்வாறு சோதித்தோம். ஐந்தில் கத்தரிக்கோல் தோன்றிற்று. ஆகவே இக்குறையை அரியதென்று ஒதுக்க இயலாது.

வட்ட வில்லையின் உச்சியில் ஒரு சிறு பிளவு இட்டு, சட்டத்தில் ஒரு பல் வைத்தாற் சுழலாதே என்று முதலில் எண்ணினோம். நண்பர் ஒருவர் கணக்கிட்டுக் காட்டியபின் அவ்வெண்ணத்தைக் கைவிட்டோம். கழித்தல் 6 டயாப்டர் முதற் கூட்டல் 6 வரை அரையரையாக 25 ஆற்றல்கள். ஒவ்வொன்றிலும் நான்கு அளவான சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்து பாகைக்கு ஒன்றாக 36 கோணங்கள். பிளவு இட்டுவிட்டால் இவ்வொவ்வொன்றும் தனி வில்லை. 25, 4, 36 மூன்றையும் பெருக்க 3600 வில்லைகள் பெட்டியில் இருக்கவேண்டும். பிளவு இல்லாத வட்டமாயின் வேண்டிய கோணத்திற்குத் திருப்பிக்கொள்ளலாம். நூறு வில்லைகள் போதும். குற்றமென்று எண்ணிய சுழற்சியே பெருங்குணமாயிற்று! வேண்டுவது, திருப்பியபின் அசையாமல் இறுக்குவது ஒன்றே.

இவ்விடத்தில் எமக்கு ஒன்று விளங்கிற்று. இத்தகைய சட்டம் ஏற்கெனவே உள்ளது. கண் சோதிப்பார் ஒவ்வொருவர் மேசைமேலும் உள்ளது. சோதிக்கும்போது நம் மூக்கின்மேல் ஏற்றும் கனத்த உலோகச் சட்டம் நினைவிற்கு வருகின்றதா? வட்ட வில்லைகளை அதிற் செருகுவர், எடுப்பர், மற்றொன்று செருகுவர்; விளிம்பிற் பாகைகள் பொறித்திருக்கும்; திருகைத் திருப்ப வில்லை சுழலும்; கண்களின் இடைவெளிக்கேற்ப அகலும், குறுகும்; காலும் நீளும். கழற்றி மாட்டும் கண்ணாடிக்கு வேண்டிய இலக்கணங்கள் யாவும் நிறைந்த அதனை, பத்து நிமிடம் நமக்கு அணிவித்துத் தெளிவாகக் காட்டியபின், கழற்றி வைத்துக்கொண்டு நம்மைக் கடைக்கு அனுப்புகின்றனர். கனத்தினால் அதனை நாள்முழுதும் அணிய இயலாதென்பது உண்மையே. எனினும் அதன் அமைப்பிற் பாதியேனும் எளிய சட்டத்திற்கு இறங்கி வரலாகாதா?

கண்மணிகளின் இடைவெளி வளர்ந்தார்க்குப் பெரும்பாலும் 54 முதல் 74 மில்லிமீட்டர் வரை வேறுபடும். வட்ட வில்லையின் நடுப்புள்ளி வட்டத்தின் நடுவிலேயே இருத்தலின், பாலத்தின் அகலமே இவ்விடைவெளியை முடிவுசெய்யும். நடுப்புள்ளி விலகினால் வில்லை பட்டகம்போல் ஒளியை மடக்கும். விலகிய சென்டிமீட்டரை ஆற்றலாற் பெருக்க அதன் அளவு வரும். அமுச்சியின் இரண்டரை டயாப்டரில் நான்கு மில்லிமீட்டர் விலகினாலும் ஒரு பங்கே ஆகும்; ஆறு டயாப்டர் அணிவார்க்கு அது கண்வலியாகும். ஆதலின் பாலமும் தனியே பிரியும் உறுப்பாக, மூன்று அகலங்களில் இருத்தல் நலம்.

இனி யாம் செய்தது. சட்டத்தைச் செய்யத்தக்கவரைத் தேடியபோது அமுச்சியின் காதே வழிகாட்டிற்று. அவர் தோட்டின் பின்புறம் ஒரு திருகாணி உண்டு. அது விரலாலேயே திருகி இறுக்குவது. நாற்பது ஆண்டுகளாகக் கழன்றதில்லை. திருகாணி என்னும் சொல்லை நம்மவர் முதன்முதல் அறிவது நகையிலன்றோ! கண்ணாடிக் கடை இல்லாத ஊரிலும் நகை செய்யும் பத்தர் இருப்பார். அவரிடம் ஊதுகுழலும் பற்றாசும் நுண்ணிய குறடுகளும் உண்டு. எம் தெருப் பத்தர் முதலில் நகைத்தார். பின்னர் எம்மினும் ஆர்வமுற்றார். பித்தளைக் கம்பியால் இரு வளையங்கள். ஒவ்வொன்றும் காதுப்பக்கத்தில் திறந்து, அவ்விடத்தில் தோட்டுத் திருகாணி ஒன்றால் மூடப்படும். விரலால் இறுக்க வில்லை நிற்கும், தளர்த்தச் சுழலும், முற்றும் கழற்ற வெளிவரும். காலுக்குத் திருகாணியே இல்லை. கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து வளையத்தின் காதிற் கோத்துவிட்டோம். ஒடிந்தாற் புதுக்கம்பி வளைக்க ஐந்து நிமிடம்.

வில்லைகளுக்கு யாது செய்வது? முன்னர்க் கூறியவாறு, பெரிய வில்லையைச் சிறிதாகத் தேய்த்தல் இயலும். சிறியதைப் பெரிதாக்குதலே இயலாது. அமுச்சியின் பழைய சட்டம் அகன்றதாதலால், நடுப்புள்ளியை மேற்சொன்ன கூட்டற்குறி முறையால் மையிட்டுக் குறித்து, வில்லை தேய்க்கும் முதியவர் ஒருவரிடம் கொடுத்து, 40 மில்லிமீட்டர் வட்டங்களாக்கினோம். நடு தடித்து விளிம்பு மெலிந்த வில்லையாதலின் சிறிதாக்கியபோது விளிம்பு தடித்தது; கம்பி அமரும் பள்ளத்தைச் சுற்றிலும் எடுக்க அது வசதியாயிற்று. கிட்டப்பார்வை வில்லையாயின் விளிம்பே தடித்தது என்பதால் இடர் இன்னும் குறைவு. எந்த வில்லைகள் குப்பைக்கு உரியனவென்று கருதப்பட்டனவோ, அவையே புதுச் சட்டத்தில் அமர்ந்தன.

குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. பித்தளை வியர்வையிற் பசுமை பூக்கும். மூக்கின்மேல் ஓர் அடையாளம் இடும். எஃகுபோல் நிமிரும் தன்மை அதற்கில்லை. கால் வளைந்தால் வளைந்தபடியே நிற்கும். தோற்றத்தைப்பற்றி எம் தங்கை கூறியதை ஈண்டு எழுதுவதற்கில்லை.

சுழற்சியை அளக்க, ஒவ்வொரு வில்லையின் உச்சியிலும் விளிம்பையொட்டி ஒரு மைப்புள்ளி இட்டு, அதற்கு நேரே வளையத்திலும் ஒரு கீறல் இட்டோம். 40 மில்லிமீட்டர் வட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் நகர்வு ஏறத்தாழ மூன்று பாகை. 24 நாட்களுக்குப்பின் பார்த்தபோது இடப்புள்ளி கீறலிலேயே நின்றது. வலப்புள்ளி இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. அஃதாவது ஆறு பாகை. அமுச்சி முந்தானையால் வலவில்லையை வட்டமாகத் துடைப்பதும், இடவில்லையை ஒருமுறை ஒற்றி விடுவதும் பின்னர்க் கவனித்தோம். அவர்க்குச் சிலிண்டர் இல்லையாதலின் ஆறு பாகையும் அறுபது பாகையும் ஒன்றே. எம் அறைத்தோழர்க்கு உள்ளதோ இரண்டு டயாப்டர்ச் சிலிண்டர். ஆறு பாகை பிறழ்ந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு எஞ்சி நிற்கும். அவர்க்காகப் பள்ளத்தின் அடியில் மெல்லிய ரப்பர் இழை ஒன்று இட்டு இறுக்கிப் பார்க்க எண்ணினோம். அதற்கு அமுச்சியின் கண்ணாடியை ஒருநாட் கேட்டபோது, மடியில் இருந்த கூடையைக் காட்டி, "பூ வாடிப் போயிருங் கண்ணு" என்று மறுத்துவிட்டார். ஆகவே பத்தரிடம் மற்றொன்றுக்குக் கம்பி கொடுத்து வந்துள்ளோம்.